யாரும் சாகலை, பிரஷர் பாக்கத்தான்

எங்கள் கோக்-ஜார் கிராமத்தில் ஒருவர் தும்மினால் அடுத்த தெருவில் அது காய்ச்சலாகிவிடும். அதற்கும் அடுத்த தெருவில் ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிழைப்பது கஷ்டம் என்று முடிவும் கட்டிவிடுவார்கள். இப்படிப்பட்ட ஊரில் மனிதர்களுக்குள் ஒட்டுறவு போதாது, அதை வளர்த்தால்தான் ஆயுள் கூடும் என்று சொல்லிக்கொண்டு தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து சுகாதாரத் திட்டத்து ஆள் ஒருவன் காரில் வந்து இறங்கினான். பனி உருகிச் சேறாகிக் கிடந்த பாதையில் வெள்ளைச் செருப்புக் காலை வைத்தபோதே ஆளை எடை போட்டுவிட்டேன்.

பெயர் எர்மெக். நல்ல பையன்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. நான் ஜூரா, இந்த ஊர் மருத்துவ நிலையத்தின் நர்ஸ். மருந்து கொடுப்பவள், அடுப்புக்குக் கரி அள்ளுபவள், மேலிடத்திலிருந்து வருகிறவர்களுக்கு டீ ஊற்றுபவள், எல்லாம் நானேதான். பள்ளிக்கூடத்து அறையில் ஊரைக் கூட்டிவைக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

சுவரில் படம் போட்டுக் காட்டி எர்மெக் சொன்னான்: "ஒருத்தர ஒருத்தர் நம்புற ஊர்ல ஜனங்க அதிக நாள் வாழுறாங்க. தனியா ஒதுங்கி இருக்கிறவங்களுக்குத்தான் மாரடைப்பும் பக்கவாதமும் சீக்கிரம் வருது. உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெய்ஷே எழுந்தார். பழைய டிராக்டர்காரர். அவர் வாய்க்கு எந்தக் காலத்திலும் பிரேக் கிடையாது. "அப்ப என் பொண்டாட்டிதான் என்னை இத்தன வருஷமா உயிரோட வச்சிருக்காளா தம்பி? நான் நேர்மாறால்ல நெனச்சிட்டிருந்தேன்!" என்றார். அவர் மனைவி பின்வரிசையிலிருந்து குல்லாயைச் சுருட்டி எறிந்தாள்.

திட்டம் இதுதான். ஜனங்கள் மருத்துவ நிலையத்தை நம்புவதில்லை. (இதை என் முகத்துக்கு நேரே சொன்னான்.) ஊர்ப் பெரியவர்களை நம்புகிறார்கள். ஆகவே பெரியவர்கள் மூன்று பேர் ஒன்றாகச் சேர்ந்து, நர்ஸைக் கூட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய் எல்லோருக்கும் பிரஷர் பார்க்க வேண்டும். "இந்த ஊர்ல எல்லாரும் யாரை ரொம்ப நம்புறீங்க?" என்று கேட்டான்.

கூட்டம் ஒரே குரலில் மம்பெட்குல் என்றது. பழைய தலைமையாசிரியர். ஆளும் உயரம், குரலும் ஆழம். அவர் மெதுவாக "உப்பை இப்படித் தள்ளு" என்று சொன்னாலே கேட்பவருக்குத் தொண்டை அடைக்கும். அவருக்குத் துணையாக இமாம். இவர்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் வீட்டுக்காரர் தூங்கிவிடுவார் என்பதால் பெய்ஷே. மூவருக்கும் பச்சை நிறத்தில் கையில்லாத மேலங்கி கொடுத்தார்கள். முதுகில் 'நம்பிக்கை' என்று பெரிதாக எழுதியிருந்தது.

"முதுகுல எழுதினா எதிர்ல வர்றவனுக்கு எப்படிய்யா தெரியும்? நாங்க திரும்பிப் போனப்புறம்தான் நம்புவானா?" என்று மம்பெட்குல் கேட்டார். கேட்டுவிட்டு, அதைப் போட்டுக்கொண்டு, மேலே வழக்கமான தமது கறுப்பு நீள அங்கியை மாட்டினார். தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி. இமாமும் பெய்ஷேயும் அதேபோல. பின்னால் என் மருந்துப் பையோடு நான்.

எங்கள் வழக்கத்தில் சாவுச் செய்தியை வீட்டாருக்கு ஃபோனில் சொல்ல மாட்டோம், ஒற்றை ஆளாகப் போயும் சொல்ல மாட்டோம். வெளியூரில் யாராவது இறந்தால் செய்தி முதலில் பெரியவர்களுக்குத்தான் வரும். அவர்கள் தொப்பி வைத்துக்கொண்டு, இமாமையும் அழைத்துக்கொண்டு, கேட்பவருக்கு மயக்கம் வந்தால் ஊசி போட நர்ஸையும் கூட்டிக்கொண்டு, ஒன்றாகப் போய் அந்த வீட்டு வாசலில் நிற்பார்கள். மூத்தவர் வாயைத் திறப்பார். எங்கள் ஊரில் அந்த மூத்தவர் எப்போதும் மம்பெட்குல்தான், அந்தக் குரலுக்காகவே. இது தாய்ப்பாலோடு சேர்ந்து எங்களுக்குள் ஊறியது. அப்படியிருந்தும் அன்று காலை எங்களில் ஒருவர் மண்டைக்கும் அது உறைக்கவில்லை. பெரியவர்கள் படமெடுத்துக்கொள்ளும் மும்முரத்தில் இருந்தார்கள். நான் பிரஷர் கருவிக்கு பேட்டரி தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் வீடு அனார்கானுடையது. அவள் கணவன் கஜக் நாட்டுக்கு லாரி ஓட்டுகிறவன். அவள் முற்றத்தில் கம்பளத்தைத் தொங்கவிட்டுத் தடியால் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். தடி கீழே விழுந்தது.

மம்பெட்குல் தம்மிடமிருந்த ஒரே குரலில் சொன்னார்: "அனார்கான்... பதறாம... இப்படி உட்காரும்மா..."

பிரஷர் பார்க்க உட்காரச் சொன்னார், அவ்வளவுதான். அனார்கான் தலைத்துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு "என் ராசாவே!" என்று வைத்த ஓலத்தில் கூரையிலிருந்த காக்கைகள் கிளம்பின. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே ஓலத்தைத் தொடங்கினாள், அப்புறம்தான் ஓடிவந்தாள். தெருவே திரண்டது. செத்தது யார் என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. ஆண்கள் துக்கக் கூடாரம் போடக் கழிகளோடு வந்துவிட்டார்கள். அடுத்த வீட்டு எஷிம் துக்க விருந்துக்கென்று தன் ஆட்டை இழுத்துவந்து காலைக் கட்டியும் முடித்துவிட்டான்.

இந்தக் களேபரத்தில் எர்மெக் என் முழங்கையை இடித்தான். "அக்கா, பாருங்க அக்கா, பாருங்க." அனார்கான் கையில் கருவியின் பட்டையைக் கட்டிப் பார்த்தேன். இருநூற்று இருபது. "பாத்தீங்களா! இத்தன நாள் இந்தம்மாவுக்கே தெரியாம உள்ள இருந்திருக்கு!" என்று பூரித்துப்போனான்.

அந்த நேரம் பார்த்து அவள் ஃபோன் அடித்தது. எடுத்து, "ஐயோ, நீ செத்துட்டியே, எங்கேருந்துய்யா பேசுற?" என்று கதறினாள். மறுமுனையில் அவள் கணவன், டயர் வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தான். ஆட்டை அவிழ்த்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். அதற்குள் இமாம் பிஸ்மில்லா சொல்லி அறுத்துவிட்டார். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் கலைந்தோம்.

அடுத்தது எஷிமின் வீடு. ஆட்டையும் கொடுத்து, கறியும் தின்று வீட்டுக்குப் போன எஷிம், நாங்கள் தன் வாசலுக்கு வருவதைக் கண்டதும் பின்பக்க ஜன்னல் வழியாகக் குதித்து உருளைக்கிழங்குத் தோட்டத்தில் ஓடினான். அவன் மகள் ரஷ்யாவில் ஹோட்டல் வேலையில் இருந்தாள். "நான் வீட்ல இல்ல! நீங்க சொல்லாதீங்க! சொல்லலேன்னா எம்பொண்ணு சாகல!" என்று கத்திக்கொண்டே ஓடினான். இப்போதுதானே எல்லாம் பொய் என்று பார்த்தாய், உனக்கென்ன பயம் என்று வைக்கோல் போருக்குப் பின்னால் பிடித்துக் கேட்டேன். "அது அவ வீட்டுக்கு வந்தது, இது என் வீட்டுக்கு வந்ததுல்ல" என்றான். அங்கேயே வைக்கோலில் உட்காரவைத்துப் பட்டையைக் கட்டினேன். அவனுக்கு இருநூறு.

அந்த வாரம் நாங்கள் தொட்ட கையெல்லாம் இருநூறுக்குக் குறையவில்லை. கோக்-ஜார் மொத்தமும் வெடிக்கக் காத்திருக்கிறது என்று எர்மெக் மேலிடத்துக்கு எழுதிப் போட்டான். பெட்டி பெட்டியாக மாத்திரை வந்தது. காரணம் என்ன என்று அவனை உட்காரவைத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பழைய பயம்க்கா, நம்பிக்கை வளர்ந்தா போயிடும்" என்றான். இவனை என்ன செய்வது?

வழி சொன்னவர் பெய்ஷே. "வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடியே கத்திடலாம். இவரு குரலுக்கு மேச்சல்ல இருக்கிற குதிரைக்கே கேக்குமே."

"எம் மரியாதை என்னாகிறது?" என்றார் மம்பெட்குல்.

"ஊரையே சாகடிச்சப்புறம் மரியாதை என்ன மரியாதை?"

அப்படித்தான் அது தொடங்கியது. தெருமுனையிலேயே நின்று, தொப்பியைக் கழற்றி ஆட்டியபடி, மம்பெட்குல் முழங்குவார்: "யாரும் சாகலை! பிரஷர் பாக்கத்தான் வர்றோம்!" ஒவ்வொரு வாசலிலும் இன்னொரு தடவை. முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு கத்தினார். பிறகு அதில் அவருக்கே ஒரு ருசி வந்துவிட்டது, ராகமெல்லாம் போட ஆரம்பித்தார்.

ஊருக்கும் ருசி வந்தது. யாரும் சாகவில்லை என்று வாரத்துக்கு ஒருமுறை உரத்த குரலில் கேட்பதைவிட ஒரு மனிதனுக்கு வேறென்ன சந்தோஷம் வேண்டும்? எங்கள் வீடுகளில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் ரஷ்யாவில். சத்தம் கேட்டதும் அடுப்பில் டீ ஏறும், எண்ணெயில் போர்சோக் மாவுத்துண்டுகள் பொரியும். நாங்கள் போகும் வீட்டுக்குத் தெருவும் கூடவே வரும். வாய்க்கால் தண்ணீருக்கும் வேலிக்கும் சண்டை போட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டவர்கள்கூட, அடுத்தவனுக்கு எவ்வளவு பிரஷர் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் வந்து ஒரே விரிப்பில் உட்கார்ந்தார்கள். "மாத்திர போட்டியா? ஏன் போடல? பொண்டாட்டியக் கைம்பொண்ணாக்கப் பாக்குறியா?" என்று தெருவே ஒருத்தனைச் சூழ்ந்துகொண்டு திட்டும். அந்த மானம் போகிற பயத்திலேயே மாத்திரை உள்ளே போனது.

பிரஷர் மெய்யாகவே இறங்கியது. எர்மெக் அதைக் கோடு போட்டுக் காட்டினான். மலையுச்சியிலிருந்து ஆடு உருண்ட மாதிரி இருந்தது. உச்சி என்பது நாங்கள் சாவுச் செய்தி சொல்ல வந்ததாக நினைத்து அவர்கள் நடுங்கிய நாள் என்பதை அவன் கடைசிவரை எங்கும் சொல்லவில்லை. தலைநகரில் கைதட்டினார்களாம். தட்டட்டும்.

ஆனால் ஒரு வீட்டுக்கு மட்டும் நாங்கள் போகவில்லை. அது சாய்கலின் வீடு.

சாய்கல் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். கணவன் இல்லை. ஒரே மகன் எல்தியார், மாஸ்கோவில் கட்டட வேலை. போன வருஷம் கோடையில், வாய்க்கால் முறை மாற்றித் தண்ணீரைத் தன் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டாள் என்று கடைக்காரி கனிஷாய் அவளைத் தெருவில் வைத்துக் கேட்டாள். இவளும் பதிலுக்குப் பேசக்கூடாததைப் பேசினாள். தெரு மொத்தமும் கனிஷாய் பக்கம் சாய்ந்தது, கடையில் கடன் சொல்ல வேண்டுமே. அன்றிலிருந்து சாய்கல் எந்த வீட்டுப் படியையும் மிதிப்பதில்லை. அவள் படியையும் என்னைத் தவிர யாரும் மிதிப்பதில்லை. குளிர்காலத்தில் ஒருநாள் அவள் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அவள் நல்ல நேரம், அன்று நான் போயிருந்தேன். வாய் நேராகிவிட்டது, ஆனால் பிரஷர் இறங்கவில்லை. நான் கொடுத்த மாத்திரைகளைச் சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பின்னால் வைத்து மறந்துவிடுவாள். "தனியா டீ குடிக்கிறப்ப எதுவும் ஞாபகம் வரமாட்டேங்குது ஜூரா" என்பாள்.

எர்மெக் குதித்தான். "அக்கா, தனியா ஒதுங்கி இருக்கிறவங்களுக்காகத்தானே திட்டமே! முதல்ல அவங்க வீட்டுக்குத்தானே போயிருக்கணும்!"

"போனா செத்துடுவா. மம்பெட்குல் சத்தம் காதுல விழுறதுக்குள்ள தொப்பி கண்ணுல பட்டுடும். அவளுக்கு இன்னொரு தடவ இழுத்துச்சுன்னா நேராகாது" என்றேன். என் பயமெல்லாம் அது ஒன்றுதான். பெரியவர்களும் தலையாட்டினார்கள்.

ஒருநாள் அவளுக்கு மாத்திரை கொண்டுபோனபோது முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"எல்லார் வீட்டுக்கும் போறீங்க. எஷிம் வீட்டு நாய்க்குக்கூடப் பிரஷர் பாத்தாச்சாம். என் வீடு மட்டும் சீனாவுலயா இருக்கு?"

"நீதானடி யாரையும் வாசப்படி ஏத்தமாட்டேன்னு சொன்ன?"

"ஏத்தமாட்டேன்னு சொன்னா, வராம இருந்துடுவீங்களா?"

சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் இவளும் போர்சோக் பொரித்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். சாயந்திரம் அதைக் கோழிக்குப் போட்டுவிடுவாளாம். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அவளை அடித்துவிடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

"சரி, சனிக்கிழம காலைல வர்றோம். மூணு பேரும் தொப்பியோடதான் வருவாங்க. பயப்படக்கூடாது, என்ன? பிரஷர்தான், வேற ஒண்ணுமில்ல" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"நான் என்ன கொழந்தையா? வரச் சொல்லு." பிறகு விரிப்பின் மேல் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்: "கனிஷாயும் வருவாளா?"

"வந்தா?"

"வந்தா வரட்டும். டீ ஊத்தாமலா அனுப்பப் போறேன்."

சனிக்கிழமை காலை மம்பெட்குல் மருத்துவ நிலையத்துக்கு வந்தார். தொப்பி கையில் இருந்தது. வந்து பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், திரும்ப உட்கார்ந்தார். மாஸ்கோவிலிருந்து நம்மூர்ப் பையன்கள் அவருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எல்தியார் சாரத்திலிருந்து விழுந்துவிட்டானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

இமாமும் பெய்ஷேயும் வந்து நின்றார்கள். படம் பிடிப்பதற்கென்று காலையிலேயே வந்திருந்த எர்மெக்கின் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப... இன்னைக்கு வேணாம். தள்ளி வச்சுக்கலாம்" என்றான்.

"எதைத் தம்பி தள்ளி வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு மம்பெட்குல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். எர்மெக் கேமராவைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வாசலிலேயே நின்றுவிட்டான்.

நடந்தோம். அவர் கத்தவில்லை. கத்தாமல் போவதைப் பார்த்த தெரு புரிந்துகொண்டது. கனிஷாய் கடையைத் திறந்து போட்டபடி இறங்கி எங்கள் பின்னால் வந்தாள். அனார்கான் வந்தாள். எஷிம் குனிந்த தலையோடு வந்தான். பெண்கள் சற்றுத் தள்ளி, செருப்புச் சத்தம்கூட எழாமல் தொடர்ந்தார்கள்.

ஊரில் புரியாதவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேனே.

சாய்கல் பூப்போட்ட புதுத் தலைத்துணி கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். "வாங்க அண்ணே, வாங்க, வாங்க இமாம். பெய்ஷே மாமா, உங்களுக்குத் தனியா எண்ண கம்மியாப் போட்டு வச்சிருக்கேன், உங்க வீட்டுக்காரம்மா திட்டுவாங்க" என்று வாய் ஓயாமல் பேசி உள்ளே கூட்டிப்போனாள். விரிப்பில் போர்சோக் குவிந்திருந்தது. வெண்ணெய், ஆப்ரிகாட் ஜாம், அலமாரியிலிருந்து இறக்கிய நல்ல கோப்பைகள். எங்களுக்கு மட்டுமல்ல, ஒரு தெருவுக்கே போதுமான கோப்பைகள். உட்கார்ந்ததும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு என்னிடம் கையை நீட்டினாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் பட்டையைக் கட்டினேன். கருவி முனகி அடங்கியது. நூற்று முப்பது. அவளிடம் இத்தனை காலத்தில் நான் பார்க்காத அளவு.

"எவ்வளவு?"

"நல்லா இருக்கு" என்றேன்.

"பாத்தியா! மாத்திரயும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஆளுங்க வந்தாலே போதும்." சிரித்துக்கொண்டே மம்பெட்குல் பக்கம் திரும்பினாள். "ஆனா எனக்கு ஒரு கொறைதான் அண்ணே. எல்லார் வீட்டு வாசல்லயும் அந்தக் கத்து கத்துனீங்க. என் வீட்டு வாசல்ல மட்டும் ஏன் கத்தல?"

பெய்ஷே கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை என்பதை அவள் கவனித்தாள். இமாமின் விரல்கள் ஓதும் உதடுகளோடு சேர்ந்து அசைவதைக் கவனித்தாள். திறந்திருந்த கதவு வழியே, வேலியோரம் நின்ற பெண்களையும் பார்த்தாள்.

"கத்துங்க அண்ணே" என்றாள். சிரிப்பு முகத்திலேயே நின்றிருந்தது, இறங்க வழி தெரியாமல். "இப்பயாவது கத்திடுங்க. ஒரே ஒரு தடவ."

மம்பெட்குல் வாயைத் திறந்தார். இத்தனை சாவுகளைச் சொன்ன அந்தக் குரல் அன்று வரவில்லை. காற்றுத்தான் வந்தது. "சாய்கல்... தங்கச்சி... மனசைத் திடப்படுத்திக்கோம்மா" என்று எப்படியோ சொல்லி முடித்தார்.

அவள் அழவில்லை. கையை அப்படியே என் பக்கம் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்த நொடியில் அவள் வாயைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு பக்கம் இழுக்கிறதா, இழுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஊசி மருந்தைத் தேடினேன். அதற்குள் கனிஷாய் செருப்பைக்கூடக் கழற்றாமல் விரிப்பை மிதித்துக்கொண்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டாள். அதைக் கேட்டதும்தான் சாய்கலிடமிருந்து சத்தம் வந்தது. பெண்கள் மொத்தமும் உள்ளே வந்துவிட்டார்கள். வெளியே ஆண்கள் கூடாரக் கழிகளை இறக்கினார்கள்.

ஊசியை மட்டும் எப்படியோ போட்டுவிட்டேன். பிரஷரை மறுபடி பார்க்க வேண்டும். இவளுக்கு அது கட்டாயம். "ஒரு கையைக் குடுங்கடி" என்றேன். வலது கையைக் கனிஷாய் பிடித்திருந்தாள். இடது கையை அனார்கான். அவர்கள் ஓய்ந்தபோது வேறு இருவர். கெஞ்சினேன், திட்டினேன், ஒருத்தியும் விடவில்லை. இரவெல்லாம் கூடாரத்தில் அவளைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கனிஷாய் அவள் வாயில் மாத்திரையைத் திணித்து, "முழுங்கு" என்று அதட்டினாள். முழுங்கினாள்.

மறுநாள் காலையிலும் சாய்கல் இருந்தாள். வாய் நேராகவே இருந்தது. அழுது அழுது குரல் போயிருந்தது, அவ்வளவுதான். எர்மெக் பிஷ்கெக்கிலிருந்து ஃபோன் செய்தான். தயங்கித் தயங்கி அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். பிறகு, பழக்க தோஷம், பிரஷர் எவ்வளவு என்றும் கேட்டான்.

"தெரியல தம்பி, இன்னும் அவ கை காலியாகல" என்றேன்.